கத்தரிப்பூ நிறத்தில் ஒரு அலை டிசைன்

இன்றைக்குச் சாயங்காலம் திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். பக்கத்தில் ஒரு சின்னப் பெண், கைக்குழந்தையோடு. குழந்தையைச் சுற்றியிருந்த கம்பளிச் சால்வை தெப்பமாக நனைந்திருந்தது. நனைந்த கம்பளியின் வாடை உனக்குத் தெரியாதா, ஆட்டுக்குட்டியைக் குளிப்பாட்டி அப்படியே மடியில் வைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். மூக்கில் ஏறியதுமே திரும்பிப் பார்த்தேன். மெஷினில் போட்ட கடைச் சால்வைதான். ஆனால் டிசைன் நம்முடைய அலை டிசைன். குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமலே பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து, புடவையைக்கூட மாற்றாமல் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இருந்தபோது ஒழுங்காகக் கடிதம் போட்டவளா நான், இப்போது எழுதுகிறேன் பார்.

நம்முடையது ரயிலைவிட்டு இறங்காத சிநேகிதம். நான் திருவள்ளூரில் ஏறுவேன், நீ செவ்வாப்பேட்டையில். எனக்கு ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை, உனக்கு வேறொன்றில் கிளார்க். சென்ட்ரலில் இறங்கியதும் நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உன் வீட்டை அப்போது நான் பார்த்ததில்லை. என் அப்பா பெருமாள் கோயில் மடப்பள்ளியில் இருந்தார், எங்கள் வீட்டுக்கு நீ வந்ததில்லை. பெண்கள் பெட்டியின் அந்த மரப்பலகைதான் நமக்கு வீடு, கூடம், எல்லாம்.

அந்தப் பெட்டியே அப்போது பின்னிக்கொண்டிருந்தது. எல்லையில் சண்டை நடந்த வருஷம், ஜவான்களுக்கு மப்ளர் போடச் சொல்லி ஆபீசுகளில் கம்பளி நூல் கொடுத்தார்களே, அப்போது பிடித்த பைத்தியம். சண்டை நின்றது, பைத்தியம் நிற்கவில்லை. மெட்ராஸில் யாருக்கடி இத்தனை கம்பளி என்று கேட்டால், ஊட்டியில் நாத்தனார், டெல்லியில் தம்பி என்று ஆளுக்கொரு குளிர்ப் பிரதேசத்தைக் கையில் வைத்திருந்தார்கள். ஒருத்தி புதிதாக ஒரு லேஸ் டிசைன் கற்றுக்கொண்டால் உள்ளங்கை அகலத்துக்கு மாதிரித் துண்டு போட்டுக்கொண்டு வருவாள். அது ஆவடி போவதற்குள் பெட்டி முழுக்கக் கைமாறும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓட்டைகளை எண்ணுவோம். இலை, விசிறி, வைரக்கட்டம் என்று நாமே பெயர் வைத்துக்கொள்வோம். யாருக்கு எந்த டிசைன் என்று தீர்ப்புச் சொல்வது நான். எனக்கு இங்கிலீஷ் புத்தகம் பார்த்துப் போடத் தெரியும் என்ற கர்வம்.

ஓர் ஆடி மாதக் காலை நீ ஏறி உட்கார்ந்து, மூச்சு வாங்கினதும், சால்வைக்கு ஒரு டிசைன் சொல் என்றாய். யாருக்கு என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அப்போதுதான் உன்னைச் சரியாகப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னால் பயம் வந்துவிட்டது. முதலாவது பாதியிலேயே கலைந்தது. இரண்டாவது மாதம் நிறைந்து பிறந்தது, அழவில்லை. இது மூன்றாவது.

பிள்ளை பிறப்பதற்கு முன்னால் அதற்கென்று ஒரு துணிக்கிழிசல்கூடச் சேர்க்கக்கூடாது என்பது உன் மாமியார் சட்டம். அவர் மட்டுமா, எங்கள் வீட்டிலும் பால் புகட்டும் பாலாடைகூட முன்கூட்டி வாங்கமாட்டார்கள். வேண்டாம்டி, பிறக்கட்டும், நானே ராத்திரி பகலாக உட்கார்ந்து போட்டுத் தருகிறேன் என்றேன். நீ குரலை உயர்த்தவில்லை.

"ரெண்டு தபாவும் கைய கட்டிக்கினுதான் இருந்தேன். ஒண்ணும் செய்யாம இருந்தும் ஒண்ணும் நிக்கலியே. இந்த தபா எதுனா செஞ்சிக்கினு இருக்கேனே."

மறுநாளே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். எனக்குப் பிடித்தது ஒரு வட்டச் சால்வை. நடுவில் ஒரு பூ, அதிலிருந்து இதழ் இதழாக விரிந்துகொண்டே போகும். நீ படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, இது பாதியில் நின்றால் எப்படி இருக்கும் என்றாய். வடைத்தட்டு மாதிரி இருக்கும் என்றேன். முக்கோணச் சால்வையைக் காட்டினேன். அது பாதியில் நின்றால் கோவணம் என்று நீயே சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். எதிர் பலகைக்காரி எட்டிப் பார்க்கும்படிச் சிரித்தோம். அந்தப் பிரசவத்துக்கு முன்னால் நீ அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

பிறகு அலை டிசைனுக்கு வந்தோம். இந்த ஓரத்தில் ஆரம்பித்து அந்த ஓரத்துக்கு நேராகப் போவது. சின்னதாக நிறுத்தினால் கழுத்துக்குட்டை, இன்னும் போனால் மப்ளர், போய்க்கொண்டே இருந்தால் சால்வை. மேலும் கீழும் ஓரம் அலை அலையாக வளைந்து அதுவே கரை மாதிரி நின்றுவிடும். எங்கே நிறுத்தினாலும் அதற்கென்று ஒரு முழுசு இருக்க வேண்டும், அதனால் இதுதான் என்றாய். கேட்டால் மாமனாருக்கு மப்ளர் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றும் சொன்னாய். முழுசு என்று நீ சொன்னதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டியில் போடச் சுலபமான டிசைன் என்றுதான் நினைத்தேன்.

நிறம் மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. சைனா பஜாரில் போய்க் கத்தரிப்பூ நிறத்தில் வாங்கி வந்திருந்தாய். குழந்தைக்கு யாராவது இந்த நிறத்தில் போடுவார்களா என்று திட்டினேன். எஞ்சின் கரித்தூள் விழுந்தால் தெரியாது, பார்க்கிறவர்களுக்குச் சந்தேகமும் வராது, கண்ணும் படாது என்று வரிசையாகப் பதில் வைத்திருந்தாய். சரி போ என்று விட்டேன்.

முதல் கண்ணிகளை ஊசியில் ஏற்றிய அன்று பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக வண்டி நின்றுவிட்டது. நீ என் பக்கம் சாய்ந்து, காதில் ஒரு பெயரைச் சொன்னாய். பெண் குழந்தையின் பெயர். பையனாக இருந்தால் என்று கேட்டேன். பையனா இருந்தா அவங்க வெச்சிக்கட்டும், இது என்னுது என்றாய். யாரிடமும் சொல்லாதே என்றாய். உன் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது என்றாய். வண்டி நகர்ந்தது. நீ குனிந்து பின்ன ஆரம்பித்துவிட்டாய்.

பெண்தான் பிறந்தாள். அழுதாளாம், நன்றாகவே அழுதாளாம். உன் பக்கத்து வீட்டம்மாள் ரயிலில் வந்து சொன்னபோது பெட்டியே கேட்கும்படி நான் கத்தினேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதே அம்மாள் வந்தாள், என்னைப் பார்க்காமல் வேறு பலகையில் போய் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகச் செவ்வாப்பேட்டையில் இறங்கினேன். நீ சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தாய். உன் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நல்ல மனுஷிதான், உன்னைத் தேற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார்.

"பேரு கூட வெக்கலம்மா. வெச்சிருந்தா கூப்ட்டு கூப்ட்டு மனசு இன்னும் ஒடிஞ்சிருக்கும். அந்த மட்டுக்கும் பெருமாள் காப்பாத்தனாரு."

உன் முதுகு ஒரு தரம் அசைந்தது. எனக்கு அந்த இடத்திலேயே அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிவிடலாம் போல இருந்தது. வாயை மூடிக்கொண்டு அடுத்த வண்டிக்கு ஓடிவந்துவிட்டேன்.

லீவு முடிந்து நீ திரும்பி வந்தாய். பையிலிருந்து அந்தப் பின்னலை எடுத்தாய். ஒரு மப்ளர் நீளம் வந்திருந்தது. பிரித்துவிடப்போகிறாய் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீ பிரிக்கவில்லை. கடைசி வரிசையைக் கண்ணி கண்ணியாக முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, தலையைச் சுற்றிக் காதை மூடிக் கட்டிக்கொண்டாய். மார்கழிப் பனி, எல்லாரும் ஏதாவது கட்டிக்கொண்டுதான் வந்தார்கள். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

எனக்கு எரிச்சல் வந்தது எப்போது தெரியுமா? பெட்டிக்காரிகள் வந்து, டிசைன் ரொம்ப அழகாக இருக்கிறதே, எப்படிப் போடுவது என்று உன்னைச் சூழ்ந்துகொண்டார்களே, அப்போது. நீ ஒவ்வொருத்திக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாய். அந்தத் தை மாதம் எந்தப் பலகையில் பார்த்தாலும் அதே அலை, ரோஸில், மஞ்சளில், வெள்ளையில். அக்கா குழந்தைக்கு, தங்கை பிரசவத்துக்கு என்று சொல்லிச் சொல்லிப் போட்டார்கள். உன்னிடம் கொண்டுவந்து நீட்டுவார்கள், நீ தப்பான கண்ணியைப் பிரித்துச் சரிசெய்து கொடுப்பாய். உனக்கு மனசு என்பது இருக்கிறதா இல்லையா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். கேட்ட எனக்குத்தான் அழுகை வந்தது.

"போடட்டும் உடு. எங்கியாவது ஒரு கொயந்த போத்திக்கினு தூங்கட்டும்."

அப்புறம் உனக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். இரண்டு பேருக்கும் நீ ஊசியைத் தொடவில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த ஒரு பேக்டரியில் உன் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்ததும் அங்கே குடிபோய்விட்டீர்கள். உன் வண்டி வேறு, என் வண்டி வேறு என்று ஆனது. எப்போதாவது சென்ட்ரலில் பார்த்துக்கொள்வோம். ஊர்வம்பெல்லாம் பேசி முடித்து, வண்டிக்கு நேரமாகிற சமயத்தில் என் முந்தானையைப் பிடித்துக்கொள்வாய். பேரு சொல்லு என்பாய். நான் சொல்வேன். நீ ஒரு தரம் தலையாட்டிவிட்டுப் போய் ஏறிக்கொள்வாய். உன் வாயால் ஏன் சொல்லமாட்டேன் என்கிறாய் என்று கேட்டதற்கு, வேற யாராவது கூப்பிட்டாத்தானே பேரு என்றாய். தலை நரைத்து, உனக்கு முழங்கால் வலி வந்து, பிறகு போனில் பேசிக்கொள்ளும்போதும் கடைசியில் அதைக் கேட்டுவிட்டுத்தான் வைப்பாய்.

உன் காரியத்துக்கு வந்தேன். உன் பெரியவன் சேர் போட்டு உட்காரவைத்து, அம்மாவுக்கு நீங்கள் எப்படிப் பழக்கம் என்று கேட்டான். ரயிலில் என்றேன். மரியாதையான பிள்ளை. எங்கம்மாவுக்கு நாங்க ரெண்டு பேருதான், பொண்ணு இல்லேனு அவங்களுக்கு ஒரு குறை என்றான். நீ சொல்லாததைச் சொல்ல நான் யார்? காப்பியைக் குடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

வண்டி கிளம்புவதற்கு நேரமிருந்தது. பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இனிமேல் கேட்பதற்கு நீ இல்லை, யாரும் கேட்காமல் எனக்குச் சொல்ல வருகிறதா என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. தேன்மொழி, என்று சொன்னேன். எனக்கு இப்போது காது மந்தம், எவ்வளவு உரக்கச் சொன்னேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் கம்பெனி யூனிபாரத்தோடு இருந்த ஒரு பெண் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பலகையிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எடம் இருக்குது பாட்டி, அவங்கள வரச் சொல்லுங்க."

பொன்னேரியில் கூட்டம் நெருக்கிக்கொண்டு ஏறியது. இரண்டு பேரோடு சண்டையே போட்டேன். சென்ட்ரல் வரைக்கும் அந்த இடத்தில் யாரையும் உட்காரவிடவில்லை.