முதுகில் விழுந்த கோ

அடியே,

கயலின் ஜெர்சியைத் துவைக்க எடுத்தேன். முதுகில் எண்ணுக்கு மேலே செம்மண்ணில் ஐந்து விரலும் அப்படியே பதிந்திருக்கின்றன. கோகோ ஆட்டத்தில் யாரோ ஒரு பிள்ளை அவளைத் தொட்டு எழுப்பிய கை. சோப்பைக் கீழே வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வராமல் நாலு வருஷம் ஆகிறது. இருந்தாலும் இந்தச் சேதியை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

என் மகள் ஆட்டக்காரி ஆகிவிட்டாள். ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூட அணியில் சேர்ந்து, நேற்று சங்கராபுரத்தில் முதல் போட்டி.

நாம் இருவரும் பள்ளிக்கூட அணியில் ஆடத் தொடங்கிய புதிதில் நான் எப்படி இருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? ஓட்டத்தில் குறை இல்லை. குரல்தான் வராது. கூலிக்குப் போகிற கொல்லையில் முதலாளி காதில் விழுந்துவிடும் என்று அம்மா என் வாயைப் பொத்திப் பொத்தியே வளர்த்திருந்தாள். கோகோவிலோ, துரத்துகிறவள் வரிசையில் உட்கார்ந்திருப்பவளின் முதுகைத் தொட்டு "கோ" என்று கத்தியாக வேண்டும். அப்போதுதான் அவள் எழுந்து ஓடலாம், இவள் அந்த இடத்தில் உட்காரலாம். ரிஷிவந்தியத்தில் நம் முதல் போட்டியில் நான் சொன்ன கோ எனக்கே கேட்கவில்லை. மூன்று விசில், மூன்று ஃபவுல், தோற்றோம். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுத என்னிடம் வந்து, "இன்னாடி, வாய வூட்லயே வுட்டுட்டு வந்துட்டியா?" என்றாய். அந்த அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது, பாவி.

மறுநாளே கரும்புக் கொல்லைக்கு இழுத்துப் போனாய். நான் வரப்பின் இந்த முனையில், நீ பத்தடி தள்ளி. நான் கத்துவேன், நீ "கேக்கல" என்று இன்னும் பத்தடி போவாய். எல்லாரும் பார்ப்பார்களே என்றேன். "பாக்கட்டுமே. பாக்கறதுக்குத்தானே வர்றாங்க" என்றாய். கடைசியில் உன் தலை மட்டும் தெரிகிற தூரத்துக்குப் போய்விட்டாய். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன டிராக்டர்காரர் வண்டியை நிறுத்தி, "யாருக்கு இன்னாம்மா ஆச்சி?" என்று பதறி ஓடிவந்தார். நீ வரப்பிலேயே விழுந்து புரண்டு சிரித்தாய்.

உன் கோவும் லேசுப்பட்டதா? தொட்டால் போதும், நீயோ முதுகில் ஓர் அறை வைப்பாய். கேட்டால், "ஒறைக்க வாணாமா?" என்பாய்.

கயலுக்கும் என் பழைய குரல்தான். பிராக்டிஸில் அவள் கோ யாருக்கும் கேட்கவில்லை. "மேட்ச்லயும் அப்டியே ஆச்சின்னா இனிமே ஆடவே போமாட்டேம்மா. கத்தனா எல்லாரும் என்னியே பாக்குறாங்க" என்று பஸ்ஸில் கண் கலங்கினாள். எனக்கு நீ சொன்னதையே அவளுக்கும் சொன்னேன்.

சொல்லிவிட்டு நான் பண்ணிய கூத்தைக் கேள். ஆட்டம் சூடுபிடித்ததும் என்னையே மறந்துவிட்டேன். கயல் ஒரு பிள்ளையின் முதுகுப் பக்கம் வந்தாளோ இல்லையோ, கோட்டுக்கு வெளியே நின்ற நான் "கோ!" என்று கத்தித் தொலைத்தேன். கரும்புக் கொல்லைக் குரல்! அந்தப் பிள்ளை கயலின் கை படும் முன்னே எழுந்து ஓடிவிட்டாள். விசில். ஃபவுல். "ஏம்மா, ஆடறது நீங்களா, உங்க பொண்ணா?" என்று நடுவர் கேட்க, மைதானமே சிரித்தது. கயல் தலையைக் குனிந்துகொண்டாள். போச்சு, இனி இவள் ஆட வரமாட்டாள், கெடுத்தது நான்தான்.

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன்.

கடைசி நிமிஷம். இன்னும் ஒருத்தி அவுட்டானால் ஜெயம். துரத்துகிறவள் கயல். எதிரணிப் பெண் வரிசைக்கு நடுவே புகுந்து அந்தப் பக்கம் தாவிவிட்டாள். கயல் அப்படிப் புகக் கூடாது, கோ கொடுத்தே ஆக வேண்டும். ஒரு நொடி என்னைப் பார்த்தாள். நான் துணியைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். அவள் மூச்சை இழுத்தாள்.

"கோ!"

அடியே, நீ கேட்டிருக்க வேண்டும்! தெருவில் போன சைக்கிள்காரர்கூடத் திரும்பினார். எழுந்த பிள்ளை எட்டித் தொட்டுவிட்டாள். ஜெயித்துவிட்டோம்! கயல் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எல்லாரும் பாத்தாங்கம்மா! எல்லாரும் என்னியே பாத்தாங்க!" என்று குதித்தாள். குதித்து முடித்து, "நீ மட்டும் இனிமே கத்தாத" என்றாள்.

ஜெர்சியை இன்னும் நனைக்கவில்லை. பின்னாளில் தாலுகா ஆபீஸ் ஜன்னலில் என்னைத் தள்ளிவிட்டு முன்னே போனவர்களிடம் "அடுத்து நான்தான்" என்று சொன்னதெல்லாம் உன்னால் வந்த வாய்தான். கோ கொடுத்தவள் உட்கார வேண்டும், வாங்கியவள் ஓட வேண்டும், ஆட்டமே அதுதானே. நீ கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாய். முதுகு இன்னும் உறைக்கிறது. ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன்டி.