ஊர் கேட்ட அதிகாரி

பிப். 9, திங்கள்

காலையில் டெல்லிப் பனிமூட்டம். எதிர் பிளாக் தெரியவில்லை. வாங்க: பால், மூட்டுவலித் தைலம், வெள்ளைத்தாள் ஒரு கட்டு.

இன்று மூன்றாவது விசாரணை. சொசைட்டியில் காலியான தரைத்தள வீடு ஒன்றுதான், கேட்பவர் இருவர். நான்காம் மாடி நான், மூன்றாம் மாடி சேகர். லிஃப்ட் கிடையாது. என் மனைவி பகவதிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஆஸ்பத்திரிக்கு மட்டும் இறங்குகிறாள்.

விசாரணை அதிகாரி தமிழர். சேகரிடம், "உங்களுக்கு எந்த ஊர்?"

"கும்பகோணம் சார்."

"அட, நமக்குப் பக்கத்துப் பாபநாசம்."

பிறகு பள்ளிக்கூடம், காபிக்கடை, யாருக்கு யார் உறவு. கால் மணி நேரம். என் பக்கம் திரும்பியதும் இந்தி. "காகஸ் பூரா கரோ, ஜல்தி." தாள்களை முழுசாகக் கொடு, சீக்கிரம் என்று. என் ஊரைக் கேட்கவில்லை. அம்பாசமுத்திரம் என்று நாக்கு நுனி வரை வந்தது.

சேகரும் நானும் ஒரே ஆபீஸில் முப்பது வருடம். பிரமோஷன் அவனுக்கு முதலில். இப்போது அவன் கைத்தடியைப் பார்த்துக்கூட நாற்காலி போடுகிறார்கள்.

பிப். 11, புதன்

அதிகாரியை மாற்றக் கோரி மனு. பழைய புத்தகக் கடைச் சட்டப் புத்தகம், நானே படித்தது. பாரபட்சத்தை நிரூபிக்க வேண்டாம். நியாயமான அச்சம் போதும். பதினெட்டுப் பக்கம். முதல் காரணம்: எதிர்த்தரப்பிடம் ஊர் கேட்டார், என்னிடம் கேட்கவில்லை.

பகவதி: "ஊரு கேக்கலன்னு ஒரு கேஸா? நானே கேக்கேன். உங்களுக்கு எந்த ஊருங்க?"

சிரிக்கவில்லை நான்.

பிப். 16, திங்கள்

மேலதிகாரி இந்திக்காரர். ஊர் கேட்பது குற்றமா என்றார். தமிழன் டெல்லியில் இன்னொரு தமிழனிடம் ஊர் கேட்டால், உன்னை என் ஆளாக எடுத்துக்கொண்டேன் என்று அர்த்தம் என்றேன். மனுவின் ஓரத்தில் ஏதோ குறித்தார். "அச்சா." மாலைக்குள் அதிகாரி தானே விலகிக்கொண்டார். சட்டப்படி எனக்கு வெற்றி.

வெளியே வராந்தாவில் விலகிய அதிகாரியும் சேகரும் டீ குடிக்கிறார்கள். "இனிமே என்ன சேகர், கேஸ்தான் நம்மகிட்ட இல்லையே. ஞாயித்துக்கிழமை மலை மந்திர் கோயிலுக்கு வாங்க, அப்படியே நம்ம வீட்ல சாப்பாடு."

நான்தான் சேர்த்துவைத்திருக்கிறேன்.

பிப். 24, செவ்வாய்

வெயில். புது அதிகாரி ஒரு பஞ்சாபி அம்மாள். யாரிடமும் ஊர் கேட்கவில்லை. கோப்பைப் புரட்டினார். சேகரின் இடுப்பு ஆபரேஷன் சான்றிதழ் இருந்தது. "ஆப்கா மெடிக்கல்?" உங்கள் சான்றிதழ் எங்கே என்று என்னிடம்.

என் மனு பதினெட்டுப் பக்கமும் இருந்தது. பகவதியின் முழங்கால் பற்றி ஒரு தாள் இல்லை. முன்னவர் காகஸ் என்றது அதைத்தான். எல்லாம் பீரோவில், எக்ஸ்ரே உறையோடு. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். மூன்று தேதி ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்றார். வீடு சேகருக்கு.

நான்கு மாடி ஏறி வந்தேன். கதவைத் திறந்தவள், "என்னாச்சு?"

"அந்த ஆள மாத்திட்டேம்லா."

"அது போன வாரம். இன்னைக்கு என்னாச்சு?"