எழுபது நிமிடத்தில் மாற வேண்டிய விமானம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் இங்கே சுகமாக இருக்கிறேன். அம்மாவின் சுகத்தை இனி நீதான் எனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீ இதைப் படிக்கும்போது அவள் உன் வீட்டுச் சமையலறையில் நின்று எதுவும் வைத்த இடத்தில் இல்லை என்று குறை சொல்லிக்கொண்டிருப்பாள். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பெரிய மனிதரும் நன்றாக இருக்க வேண்டும். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் என்னைப் பேசவே விடுகிறாள், நான் சொல்லப்போவதோ அவள் காதில் விழக்கூடாதது. அதனால் குழந்தைக்கு அவள் தைத்த துணிகளுக்கு நடுவில் இதைச் செருகி அனுப்புகிறேன். பெட்டியைத் திறந்ததும் நீ அந்தத் துணிகளைத்தான் முதலில் எடுப்பாய் என்று எனக்குத் தெரியும்.

டிக்கெட் விஷயத்தில் உனக்குப் பாதிக் கதைதான் தெரியும். நெட்டில் நானே எடுத்துவிடுகிறேன் என்று நீ எத்தனை தடவை சொன்னாய், "வயித்துப் புள்ளையோட நீ எதுக்கும்மா மெனக்கெடறே, நான் பாத்துக்கறேன்" என்று நான்தான் வீராப்புப் பேசினேன். முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவனுக்கு ஒரு டிக்கெட் எடுக்கத் தெரியாதா என்ற நினைப்பு. போதாக்குறைக்கு, என் கண் ஆபரேஷனில் உள்ளே வைத்த வாயு கரைகிற வரைக்கும் விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், கூடத்தான் வர முடியவில்லை, டிக்கெட்டாவது என் கையால் எடுத்துக் கொடுப்போம் என்று ஒரு ரோஷம். போன செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து போனைக் கையில் எடுத்தவன், நாலு மணி நாற்பது நிமிடத்துக்கு டிக்கெட்டை வாங்கிவிட்டுத்தான் கீழே வைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, நீங்கள் எல்லாம் கையாளுகிற அந்தச் சாமான் ஒரு அதிசயம்தான். உலகத்தில் பறக்கிற அத்தனை வண்டியும் என் உள்ளங்கையில் வரிசையாக நிற்கிறது, விலை வாரியாக, நேரம் வாரியாக, எந்த சீட்டுக்குப் பக்கத்தில் ஜன்னல் என்பது வரைக்கும். எங்கள் டிப்போவில் இப்படி ஒன்று இருந்திருந்தால் எனக்குத் தலைமுடி கொஞ்சம் மிச்சமிருந்திருக்கும். அதில் ஒரு கம்பெனி நடுவழி ஊர் வரைக்கும், இன்னொரு கம்பெனி அங்கிருந்து உன் ஊருக்கு, இரண்டு தனித்தனி டிக்கெட். இறங்குவதற்கும் ஏறுவதற்கும் நடுவில் எழுபது நிமிடம். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எங்கள் பஸ் ஸ்டாண்டில் வண்டி மாற பத்து நிமிடம் கொடுத்தாலே தாராளம் என்பார்கள், நான் உன் அம்மாவுக்கு எழுபது நிமிடம் கொடுத்திருக்கிறேன், காபி குடித்துவிட்டே ஏறலாம் என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் அதைப் பேப்பரில் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் மெயின் ரோட்டில் இருக்கும் ட்ராவல்ஸ் கடைக்குப் போனோம். கண்ணாடிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் இடுக்கில் செருகினது போல் ஒரு அறை இருக்குமே, இறக்கை ஒடிந்த பொம்மை விமானம் மேஜைமேல் நிற்கும், அதுதான். இந்தக் காலத்தில் இங்கே வந்து யார் டிக்கெட் வாங்குகிறார்கள் என்று அந்தக் கடையைப் பார்த்து எத்தனையோ நாள் சிரித்திருக்கிறேன். கடைக்காரம்மாவுக்கு உன்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். பிரிண்ட் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டேன், வேறு இடத்தில் டிக்கெட் வாங்கிவிட்டு இங்கே பேப்பருக்கு வருகிறாயா என்று முகத்தைச் சுளிக்காமல் போனை வாங்கினார். பட்டனை அழுத்தப் போன கை அப்படியே நின்றது. "இதுல போறது யாரு சார்" என்று கேட்டார். இவள்தான் என்றேன். "தனியாவா, மொதத் தடவையா" என்றார். பிறகு என்னை உட்காரச் சொன்னார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ரெண்டும் வேற வேற டிக்கெட் சார். பெட்டிய அவங்களே மாத்தி ஏத்த மாட்டாங்க. அம்மா வெளிய போயி, பெட்டிய எடுத்துக்கிட்டு, மறுபடி மொதல்லேர்ந்து உள்ள வரணும். வெளிய போறதுக்கே அந்த ஊருக்கு விசா வேணும். மொத ஃப்ளைட்டு அரை மணி லேட்டானா ரெண்டாவது நிக்காது, காசும் போச்சு" என்றார். உன் பிரசவ ஆபரேஷனுக்கு டாக்டர் குறித்திருப்பது வியாழக்கிழமை, அம்மா செவ்வாய்க்கிழமை வந்து இறங்க வேண்டும், நான் அவளை மொழி தெரியாத ஊரில் பெட்டிக்காக வரிசையில் நிற்க வைத்திருப்பேன். ஆபரேஷன் ஆன என் கண்ணைப் பார்த்துவிட்டு, கண் சரியாகத் தெரிந்திருக்காது சார் என்று அவர் எனக்காகச் சமாதானம் சொன்னார். கண்மேல் பழி போட எனக்கு மனசு வரவில்லை, ஒரு கண் நன்றாகத்தான் தெரிகிறது, எல்லா எழுத்தையும் படித்தேன். என் தப்பு வேறு. வேலையில் இருந்த காலமெல்லாம் வெளியூர் வண்டி தாமதமானால் கடைசி பஸ்ஸை ஐந்து நிமிடம் பிடித்து வைப்பேன், டிரைவர் திட்டினாலும் விட மாட்டேன். அங்கேயும் என்னைப் போல் ஒருவன் விசிலோடு நிற்பான் என்று எனக்கே தெரியாமல் நம்பிவிட்டேன் போலிருக்கிறது. அப்படி யாரும் அங்கே இல்லையாம்.

வாங்கி இருபத்துநாலு மணி நேரத்துக்குள் என்றால் பணம் பிடிக்காமல் ரத்து செய்யலாம் என்று அந்த வெப்சைட்டிலேயே ஒரு மூலையில் போட்டிருந்ததை அவர் காட்டினார். அப்போது மணி மூன்று ஐம்பது. நான் உடனே ரத்து செய்யப் போனேன், கையைத் தட்டாத குறையாகத் தடுத்தார். "கையில ஒண்ணு இல்லாம இருக்கறத விடக்கூடாது சார், மொதல்ல சீட்டப் புடிச்சு வெக்கறேன்" என்றார். அவர் பார்த்ததும் கம்ப்யூட்டர்தான், நான் பார்த்ததும் அதே வண்டிகள்தான், ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பெட்டி நேராக உன் ஊருக்கே போய்விடுகிற மாதிரி, ஒரே டிக்கெட்டாக, நடுவில் மூன்றரை மணி நேரம் இருக்கிற மாதிரி, செவ்வாய்க்கிழமை காலையில் இறங்குகிற மாதிரி ஒன்றைத் தேடினார். முதல் இரண்டில் இடம் இல்லை. மூன்றாவதில் ஒரே ஒரு சீட் இருந்தது, அதைப் பிடித்து வைத்த பிறகுதான் என் டிக்கெட்டுகளைக் கைவிடச் சொன்னார். ஒன்று உடனே ரத்தாகிவிட்டது, மற்றது மாட்டிக்கொண்டது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அந்தக் கம்பெனிக்காரனோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினார், சாப்பாட்டு டப்பா மேஜைமேல் திறக்காமலே இருந்தது. நாலு முப்பத்து மூன்றுக்கு முடிந்தது. ஏழு நிமிடம் மீதி. எனக்கு அந்தம்மாவை எழுந்து நின்று கும்பிட வேண்டும் போல் இருந்தது, வெட்கத்தில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அதோடு விடவில்லை. வீல்சேர் போட்டிருக்கிறேன் என்றார். உன் அம்மாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது, "எனக்குக் கால் நல்லாத்தானே இருக்கு, மாடிப்படி ரெண்டு ரெண்டா ஏறுவேன்" என்றாள். "வீல்சேர் காலுக்கு இல்லம்மா, தள்ளிட்டு வர்றவருக்கு வழி தெரியும், அதுக்கு" என்றார் கடைக்காரம்மா. உன் அம்மாவின் வாயை ஒரே வாக்கியத்தில் அடைத்த ஆளை இந்த முப்பத்தாறு வருடத்தில் நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு ஒரு தாளில் அந்த நடுவழி விமான நிலையத்தைக் கையாலேயே வரைந்து, "எறங்குனதும் கூட்டத்தோட போயிடாதீங்க, அதுல பாதிப் பேரு வெளிய போறவங்க" என்று சொல்லிக் கொடுத்தார். அந்தத் தாள் அம்மாவின் கைப்பையில் இருக்கும், கேட்டுப் பார். இனி நெட்டில் வாங்காதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை, உனக்கும் மாப்பிள்ளைக்கும் அது கைவந்த கலை. நீ அடுத்த தடவை வரும்போது அந்தம்மாவுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு வா, அதற்காகச் சொல்கிறேன்.

இப்போது அம்மா காதில் விழக்கூடாத விஷயம். நான் எடுத்த டிக்கெட்டில் அவள் திரும்பும் தேதி இருபத்தொன்றாவது நாள். அதுதான் மலிவு என்று வீட்டில் சொல்லியிருந்தேன். கடைக்காரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு மாசம் கழிச்சு வந்தாலும் இதே விலைதானே சார்" என்று கேட்டுவிட்டார். உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பொம்மை விமானத்தைப் பார்த்தேன். அவள் அங்கே என் மானத்தை வாங்கியிருக்கலாம், செய்யவில்லை. "அவரு சொன்ன தேதியே இருக்கட்டும்மா, கண்ணுக்கு மருந்து விடணும்" என்றாள். எனக்கு அது இன்னும் வலித்தது. இப்போது மருந்தை நானே விட்டுப் பழகுகிறேன், பாதி கன்னத்தில் விழுகிறது, பாதி கண்ணில் விழுகிறது, போதும். கிளம்பும்போது கடைக்காரம்மா என்னை மட்டும் கூப்பிட்டு, தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாகத்தான் போட்டிருக்கிறேன், ஆனால் ஒரே ஒரு தடவைதான் மாற்றலாம் என்றார்.

வியாழக்கிழமை தைரியமாக உள்ளே போ, எல்லாம் நல்லபடியாக முடியும். நீயும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் இருக்க வேண்டும். மாப்பிள்ளையைத் தூங்கச் சொல், அவருக்கும் என் ஆசீர்வாதம். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றுதான். தேதியை மாற்று. ஒரு தடவைதான் என்பதால் நிதானமாக யோசித்து, உனக்கு எப்போது தனியாகச் சமாளிக்க முடியும் என்று தோன்றுகிறதோ அந்த நாளைப் போடு. அம்மாவைக் கேட்காதே, அவள் என்னை நினைத்துக்கொண்டு நாளைக் குறைத்துச் சொல்வாள். என்னையும் கேட்காதே, நானும் குறைத்துத்தான் சொல்வேன்.

வண்டியைப் பிடித்து வைத்துப் பழகிய,
உன் அப்பா