நான் அறுத்த நாற்காலி

இன்று காலை காம்பஸைத் தேடி வரைகருவிப் பெட்டியைக் கவிழ்த்தேன். அடியிலிருந்து மூன்று மரத்துண்டுகள் விழுந்தன. ஒவ்வொன்றும் கால் அங்குலக் கனம். வார்னிஷ் வாசனை இன்னும் போகவில்லை. உன் நாடக நாற்காலியின் மூன்று கால்களிலிருந்து நான் அறுத்தவை. சிரித்துவிட்டேன். நீ செத்துப்போன இந்த எட்டு மாதத்தில் உன்னை நினைத்து நான் சிரித்தது இதுதான் முதல் தடவை.

உன் நாடகத்தில் ஒரு குடும்பம், ஒரு கூடம், அப்பாவுக்கு ஒரு நாற்காலி. அதற்கு ஒரு கால் குட்டை. அசைந்தால் 'டக்'கென்று தட்டும். உங்கள் வீட்டு நாற்காலியைப் பார்த்துத்தான் எழுதினாய். அப்பா வேஷத்தில் நீ இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து, அது ஆடாதது போலக் காட்டிக்கொள்வாய். நீ எழும்போது சத்தம் வராமல் இருக்க அம்மா ஓடிவந்து கைப்பிடியை அழுத்துவாள். மூத்த மகன் காகிதம் மடித்துக் காலுக்கடியில் வைப்பான். நீ அதை எட்டித் தள்ளுவாய்.

"ஏலே, வசனத்த விடு. அந்த நாற்காலிய எவன் எப்படித் தொடுறான்னு பாரு. ஆளு யாருன்னு தெரிஞ்சுபோகும்," என்பாய்.

"மத்த மூணு காலையும் அறுத்தா அஞ்சு நிமிச வேலை. இதுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய நாடகம்?"

"உன்னப் படிக்க வச்சதுக்கு உன் ரம்பத்தப் படிக்க வச்சிருக்கலாம்லே."

நான் விளக்குப் போடவும் மேடைச் சாமான் செய்யவும் வந்தவன். குறியீடு கிறியீடெல்லாம் எனக்கு ஆகாது.

நாடகத்துக்காக நீ மில் வேலையை விட்டதிலிருந்து உன் அப்பா உன்னோடு பேசவில்லை. ஒரே வீட்டில், இரண்டு வருடம். அகரம் கிராமத்தில் நாடகம் போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வருகிறார் என்று உன் அம்மா சொல்லியனுப்பினார். பூசிய பவுடரையே திரும்பத் திரும்பப் பூசினாய். இன்றைக்குப் பார்த்து நாற்காலி உன்னைக் கவிழ்த்துவிட்டால்? நான் ரம்பத்தை எடுத்தேன். ரசமட்டம் வைத்தேன்; குமிழி கச்சிதமாக நடுவில் நின்றது. உன்னிடம் சொல்லவில்லை. சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன்.

திரை விலகியது. உட்கார்ந்தாய். தட்டவில்லை. எழுந்தாய். அம்மா வேஷக்காரர் ஓடிவந்து, ஆடாத கைப்பிடியை அழுத்தினார். மூத்த மகன் காகிதத்தோடு குனிந்தான். செருக இடமில்லாமல் காகிதத்தோடே நிமிர்ந்தான். சனம் சிரித்தது. நீ என் பக்கம் பார்த்த பார்வையில் நான் விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்தேன்.

அப்போது நீ எழுதாத வசனம் ஒன்று உன் வாயிலிருந்து வந்தது.

"யாரு இதச் சரி பண்ணது? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு ஒருத்தருக்கும் தோணலயா?"

சிரிப்பு நின்றது. மறுபடி உட்கார்ந்தாய். நாற்காலி நேராக நின்றது. நீ மட்டும் இடப்பக்கமே சாய்ந்திருந்தாய். எனக்கு அப்போதுதான் உறைத்தது: உன் அப்பா இத்தனை வருடமும் ஒரு குறையைத் தன் உடம்பாலேயே மறைத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறார்.

நாடகம் முடிந்து உன் அப்பா மேடைக்குப் பின்னால் வந்தார்.

"நான் என்ன, அம்புட்டுக் கோணலாவா உக்காருறேன்?"

இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"இன்னும் கோணலுப்பா. மேடைக்காகக் கொறச்சிருக்கேன்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நீ சிரித்துக்கொண்டே அழுதாய். பிறகு, "ரம்பத்த எடுத்தவன் எங்கலே?" என்று என்னைத் துரத்தினாய். அரிதாரம் வழிய, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கத்திரித் தோட்டம் வரைக்கும்.

இன்று சாயங்காலம் அந்தத் துண்டுகளோடு உங்கள் வீட்டுக்குப் போனேன். அப்பா தன் நாற்காலியை விட்டு எழுந்து, "உக்காருப்பா" என்றார். உட்கார்ந்தேன். 'டக்'. என் கை தானாகப் பையிலிருந்த ரசமட்டத்துக்குப் போனது.

"அறுத்துறாதய்யா," என்றார் அவசரமாக.

இருவரும் சிரித்தோம். பையை மூடினேன். இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்துகொண்டேன். சத்தம் நின்றது.