அவருக்குத் தெரியாத ஒரு பாட்டு

கிளமெண்டி,
சிங்கப்பூர்.

அன்புள்ள மயூரன் தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. பெர்த்தில் நீங்களும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும். இங்கும் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

பக்கவாதம் வந்ததிலிருந்து உங்கள் குலா அண்ணனின் இடக்கை இன்னும் சரியாகவில்லை. நடக்கிறார், தானாகவே சாப்பிடுகிறார். லிஃப்டில் பார்ப்பவர்கள் நல்ல முன்னேற்றம் என்கிறார்கள். ஆனால் விரல்கள் கிட்டார்க் கம்பியை அழுத்த மாட்டேன் என்கின்றன. பயிற்சி கொடுக்க வரும் வர்ஷா நல்ல பெண். கிட்டாரை வலமிடமாக மாற்றிப் பிடித்து, வலக்கையால் அழுத்தி இடக்கையால் மீட்டட்டும், புதிதாகக் கற்பவர் போல எளிய பாட்டில் தொடங்கட்டும் என்றாள். ஜாலான் புசாரில் ஒரு கடையில் கொடுத்துக் கம்பிகளை மாற்றிக் கட்டி வாங்கி வந்தேன்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் கெட்டது. எளிய பாட்டு எதை எடுத்தாலும், சமூக மன்றத்தில் ஞாயிறுதோறும் அவரே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததாக இருக்கிறது. பிறந்தநாள் பாட்டைச் சொன்னேன். “என்னைக் கேலி பண்றியா மனோ” என்றார். கோயில் பஜனைப் பாட்டு ஒன்றைப் பாடிக்காட்டினேன். எழுந்து போய்விட்டார்.

அப்போதுதான் நீங்கள் அந்தப் பாட்டை அனுப்பினீர்கள். தேக்காவில் பொங்கல் மேடையில் நீங்கள் இருவரும் வாசித்த, அவரே மெட்டமைத்த பாட்டு. இரண்டே கார்ட்தான் அண்ணி, விரல்களை இரண்டே விதமாக வைத்தால் போதும், அவருக்கு உயிரான பாட்டு என்று எழுதியிருந்தீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம், தம்பி. புதிதாகக் கற்க வருகிற யாரையும் அவரவருக்குப் பிடித்த பாட்டில் அவர் தொடங்க விடமாட்டாரே, உங்களுக்குத் தெரியாதா? கை பழகுவதற்குள் பாட்டே கசந்துபோகும் என்பார். பிள்ளைகள் அழுதாலும் இணங்கியதில்லை. நீங்களும் மறந்தீர்கள், நானும் யோசிக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அன்று மத்தியானம் முழுக்க முயன்றார். முதல் வரியைத் தாண்டவில்லை. “இனிமே இது என் பாட்டு இல்ல. கிட்டாரை யாருக்காவது கொடுத்துடு” என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை உடைத்துவிட்டது. இப்போது வீட்டில் வானொலிகூடப் போட விடுவதில்லை. சமைக்கும்போது அந்த மெட்டு என் வாயில் தன்னால் வந்துவிட்டது, அவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். வர்ஷாவையும் வரவேண்டாம் என்று சொல்லச் சொல்கிறார். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. சன்னல்களைப் பூட்டி வைக்கிறேன்.

இனி அவருக்குத் தெரிந்த பாட்டு எதுவும் வேண்டாம். உங்களுக்கும் தெரியாத ஒன்றைத் தேடுங்கள், எந்த ஊர்ப் பாட்டானாலும் சரி. உங்கள் கிட்டாரையும் அவருடையதைப் போலவே மாற்றிக் கட்டிக்கொண்டு, வீடியோவில் அவர் முன்னால் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே தப்பாக வாசிக்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவார். அந்தப் பக்கமாகப் பிடித்தால் உங்களுக்கும் நிஜமாகவே வராது. இதனால் ஏதாவது நடக்கும் என்று எனக்குப் பெரிய நம்பிக்கையில்லை. வேறு வழியும் தெரியவில்லை.

கடவுள் உங்கள் இரண்டு கைகளையும் நன்றாக வைத்திருக்கட்டும். உங்கள் பிழையைப் பொறுக்க முடியாமல் அவர் பழைய வாத்தியாராக ஒரு தரம் உங்களைத் திட்டினால் போதும். மறுமுனையில் நீங்கள் அழுதாலும் சரி, அழைப்பை மட்டும் துண்டித்துவிடாதீர்கள்.

உங்கள் அண்ணி,
மனோரஞ்சிதம்