ஒரே ஒரு சிவப்பு வால்

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். தெரு அடங்கி வெகு நேரமாகிவிட்டது. பாப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். என் இடது கை அவள் வயிற்றின் மேல் இருக்கிறது; வலது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணிக்கொண்டு போனால் அதுதான் காரணம்.

உங்கள் பிஸ்கட் டின் எதிரே திறந்து கிடக்கிறது. அதிலிருந்து அந்த வாசனை அடிக்கிறது. வெந்த பிளாஸ்டிக் வாசனை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பொம்மைக் கம்பெனி ஷிப்டு முடிந்து வந்து நீங்கள் கழற்றிப் போடும் சட்டையில் இருக்குமே, அதேதான். ஐப்பசி மழையில் ஏரி உங்களைக் கொண்டுபோன பிறகு சட்டைகளையெல்லாம் துவைத்து மடித்துவிட்டேன். இந்த டின்னைப் பரண்மேல் போட்டு மறந்திருந்தேன். மறந்தே இருந்திருக்கலாம்.

மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையிலிருந்து ஓர் அமெரிக்கப் பத்திரிகையோடு வந்தீர்களே, நினைவிருக்கிறதா? "பி.ஏ. படிச்சிட்டு சும்மா குந்திகினு கீறியே டீச்சரம்மா, இத்தப் படி" என்று என் மடியில் போட்டீர்கள். ஈயக்குண்டு வைத்த தூண்டில் முள், அதன் பின்னால் கோக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் வால், எந்தத் தண்ணீருக்கு எந்த வால் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. பாஸ் என்ற மீனுக்காம். "அது நம்ம வெரா மாதிரியா?" என்றீர்கள். விரால் மாதிரியே வாய் பெரிது, பாசிக்குள் பதுங்கியிருக்கும் என்று படித்தேன். "அப்ப வெராதான். பேரு மாத்தி வச்சிகினு கீறானுங்கோ."

மறுவாரமே கம்பெனியில் பொம்மை வார்த்து மிஞ்சிய பிளாஸ்டிக் குழம்பைச் சுண்ணாம்பு அச்சில் ஊற்றி, பொம்மைகளோடு சேர்த்து அடுப்பில் வேகவைத்து வால் செய்துவிட்டீர்கள். பொம்மை உடம்பின் தோல் நிறத்தில் நிறைய. தலைமுடியின் கறுப்பில் நிறைய. உதட்டுக்கு வரும் சிவப்பு துளிதான் என்பதால் அதில் ஒன்றே ஒன்று. உங்களோடு ஏரிக்கு வரும் சிநேகிதர் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா மச்சான், பொம்ம காலப் போட்டா வெரா புடிக்கப்போறே? அது பயந்துக்கும்பா!"

"பயந்தா வாயத் தொறக்கும்ல? அது போதும்."

சனிக்கிழமை சாயங்காலம் முறத்தில் வால்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தால், பாப்பா உங்கள் மடிக்கு வந்துவிடுவாள். கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பு. தெளிந்த தண்ணீருக்குத் தோல் நிறம். பாசி மண்டிய இடத்தில் சிக்காமல் நழுவ ஒல்லி வால். வெயில் காலத்தில் நன்றாக ஆடுகிற வாலைப் பொறுக்குவீர்கள், பனி இறங்கிவிட்டால் ஆடாமல் அடங்கியிருப்பதை. கடைசிப் பரீட்சை பல்லில். முன்பல்லால் மெல்லக் கடித்து, கண்ணை மூடி, "மெத்துனு கீது" என்று சொன்னால்தான் அது தேறியது. அந்தக் கண்றாவியை வாயில் வைக்காதீங்கன்னு எத்தனை தரம் சொன்னேன்! "நம்ம வாயிக்கு மெத்துனு இருந்தாதாம்மே மீனு துப்பாது" என்பீர்கள். பாப்பா உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இன்று மத்தியானம் சிநேகிதர் வந்தார். "ஏரி தெளிஞ்சிடுச்சி தங்கச்சி. மச்சான் செஞ்ச வாலுங்கோ வீணாக் கெடக்குதே, குடுத்தா ஒருதபா போட்டுப் பாக்கறேன்" என்றார். டின்னை இறக்கிக் கூடத்தில் வைத்துவிட்டுக் காப்பி போடப் போனேன். அவர் வாசலில் சைக்கிள் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்தபோது டின் திறந்திருந்தது. பாப்பா கண்ணை மூடிக்கொண்டு எதையோ மென்றுகொண்டிருந்தாள். விரலை விட்டுத் துழாவினேன். வாயில் ஒன்றும் இல்லை.

"இன்னாடி தின்னே?"

"மெத்துனு கீது" என்றாள்.

ஈரம் காயாத கறுப்பு வால் ஒன்று தரையில் கிடந்தது. உங்கள் பல் தடத்துக்குப் பக்கத்தில் அவள் அரிசிப் பல் தடம். அதை மட்டும்தான் கடித்தாள் என்று நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் டின்னில் சிவப்பு இல்லை. கவிழ்த்துப் பார்த்தேன், பாயை உதறினேன், அவள் பாவாடையை அவிழ்த்து உதறினேன். மற்ற நிறங்களில் எத்தனை இருந்தனவோ எனக்குத் தெரியாது. சிவப்பு ஒன்றே ஒன்றுதான் என்பது தெரியும். "செவப்பு முழுங்கினியா?" என்றால் "ஆமா" என்கிறாள். "முழுங்கலியே?" என்றால் அதற்கும் "ஆமா."

சிநேகிதர்தான் எங்களை சைக்கிளில் வைத்துப் பூந்தமல்லிக்கு மிதித்தார். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "பிளாஸ்டிக் எக்ஸ்ரேல தெரியாதும்மா. முழுங்கினாளா இல்லையா, நிச்சயமா சொல்லுங்க." அவள் சொன்ன இரண்டு "ஆமா"வையும் அப்படியே சொன்னேன். வயிறு கல்லாக இறுகினாலோ வாந்தி வந்தாலோ உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி அனுப்பினார்.

திரும்பும் வழியெல்லாம் சிநேகிதரிடம் அதையே கேட்டேன். கடைசியாக ஏரிக்குப் போன அன்றைக்கு நீங்கள் எந்த வாலை எடுத்துப் போனீர்கள்? அவருக்கு அன்று வேலை, கூட வரவில்லை. "தண்ணி செம்மண் கலங்கலு, தங்கச்சி. கலங்கல்ல மச்சான் கறுப்புதான் போடுவாரு. செவப்பத் தொடமாட்டாரு" என்றவர், அப்படியென்றால் சிவப்பு டின்னில்தான் இருந்திருக்கும் என்பது சொன்ன பிறகே புரிந்து மிதிப்பதை நிறுத்திவிட்டார். மதகில் கால் வழுக்கிய இடத்திலிருந்து உங்களைத் தூக்கி வந்தார்கள். கழியும் முள்ளும் சேற்றோடு போயின. முள்ளில் மாட்டியிருந்தது கறுப்பா சிவப்பா என்று அன்று யார் கேட்டார்கள்?

ஆனால் முந்தின நாள் சாயங்காலம் முறத்திலிருந்து அந்தச் சிவப்பை எடுத்து உங்களிடம் நீட்டினேன். "இவ்வளவு அழகா இருக்கு, ஒரு நாள் இதைப் போடுங்களேன்" என்றேன். "மீனு இன்னா உன்ன மாதிரி காலேஜ் படிச்சிதா, அழகு பாக்க?" என்று சிரித்தீர்கள். சிரித்தீர்களே தவிர, மாட்டேன் என்று சொல்லவில்லை. அதை முறத்தில் வைத்தீர்களா, சட்டைப் பையில் போட்டீர்களா? நான் அதற்குள் உலையைப் பார்க்க எழுந்துவிட்டேன். விடியற்காலையில் நீங்கள் கிளம்பியபோது பாப்பாவை அணைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன்.

மறுபடியும் வயிற்றை அழுத்திப் பார்த்தேன். உங்களை மாதிரியே கண்ணை மூடிக்கொண்டுதான் பார்க்கிறேன். இதுவரை மெத்தென்றுதான் இருக்கிறது. மூச்சும் சீராக வருகிறது. விடிய இன்னும் நேரம் இருக்கிறது.

தண்ணீர் கலங்கியிருந்தும், நான் கேட்டேன் என்பதற்காக, அந்தச் சிவப்பை எடுத்துப் போனீர்களா? அது ஒன்றை மட்டும் சொல்லுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.