ரோஸ் கார்டன் நகரில் ஒன்பது ஓட்டு

ஏப்ரல் 17, திங்கள்

காலையிலேயே வெயில். மோட்டார் போட்டதும் மஞ்சள் தண்ணீர், துருவாடை. பின்னால் முலாம் பூசும் பிளேட்டிங் பட்டறை வந்ததிலிருந்து இதே கதை. ஜென்சி முழங்கையில் மறுபடி புண். டாக்டரும் அதே பாட்டு: "தண்ணிய மாத்துங்கம்மா." எதை மாற்ற? வீட்டையா?

ஓசூர் நகராட்சிக் குழாய் மெயின் ரோடு வரை வந்து நின்றுவிட்டது. நம் தெருவுக்கு வராதாம், இது பஞ்சாயத்து எல்லையாம். ஜூனுக்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் ஜென்சியைத் தென்காசியில் மாமியார் வீட்டில் விட்டுப் படிக்க வைக்கலாம் என்கிறார் இவர். ஏழு வயசுப் பிள்ளையை! என் பிணத்தைத் தாண்டித்தான்.

வாங்க வேண்டியது: கேன் தண்ணீர் 3. தே. எண்ணெய். மஞ்சள் வேண்டாம், வீட்டில் ஓடுகிற மஞ்சளே போதும்.

ஏப்ரல் 23, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் தெருவில் மேளம். ஓட்டுக் கேட்டு வேட்பாளர் கல்குவாரிக்காரர், கும்பிட்ட கையோடு. குழாய் வருமா வராதா என்று நேராகக் கேட்டேன்.

"குழா எதுக்கும்மா? புதுசா போர் போட்டு குடுக்கறேன்."

"அதே பூமிதானேங்க? அதே மஞ்சத் தண்ணிதானே வரும்?"

சிரித்தார். கூட வந்தவன் அவர் காதில் ஏதோ சொன்னான். உடனே அடுத்த தெருவுக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் கொடுத்த மோர் டம்ளரும் போச்சு. எவர்சில்வர்.

ஏப்ரல் 25, செவ்வாய்

வக்கீல் வேட்பாளர் தெருவுக்குள்ளேயே வரவில்லை. மெயின் ரோட்டு ஆபீசுக்கு நானும் பால்கார வெங்கடம்மாவும் போனோம். அரை மணி நேரம் நின்றோம். பட்டறையைப் பற்றி உங்கள் நிலை என்ன என்று கேட்டேன். தொழிலும் வளரணும், தண்ணீரும் சுத்தமாகணுமாம். அடேயப்பா.

வெளியே வந்ததும் அவர் ஆள் ஒருவன், நல்ல பையன்தான், உடைத்துச் சொன்னான்: "கோச்சிக்காதீங்கக்கா. உங்க தெருவுல அறுபது வீடு, ஆனா ஒம்போது ஓட்டுதான். மத்தவங்க பேரெல்லாம் அவங்கவங்க ஊர்ல கீது. ஒம்போது ஓட்டுக்கு யாருக்கா குழா இழுப்பாங்கோ?"

ஒன்பதில் ஒன்று நான். நாலு வெங்கடம்மா வீடு.

ஏப்ரல் 26, புதன்

தெரு முழுக்க ஏறி இறங்கினேன். ஏன் பெயரை மாற்றவில்லை?

மதுரைக்காரர்: ஊரில் பெயர் இல்லாவிட்டால் பங்காளி மதிக்க மாட்டானாம்.
மூலை வீட்டுத் தென்காசிக்காரர்: சித்தப்பா அங்கே பஞ்சாயத்துத் தலைவர்.
டூல் ரூம் சூப்பர்வைசர்: "ரிட்டயர் ஆனா ஊருக்குப் போயிருவோம்ல?" ஆளுக்கு இன்னும் முப்பத்தைந்துகூட ஆகவில்லை!

நம் வீட்டுத் துரை? போன வருஷமே ஓட்டர் லிஸ்டில் பெயர் மாற்றுகிற பாரம் வாங்கி வைத்தேன். இன்னும் டிவி மேல்தான் கிடக்கிறது. "பார்க்கலாம்ட்டி, என்ன அவசரம்?" டீக்கடையில் தண்ணீருக்காக ஊரையே எரிப்பதுபோலப் பேசுவதும் இதே வாய்தான். பற்றிக்கொண்டு வந்தது. சாம்பாரில் உப்பு போடவில்லை. வேண்டுமென்றேதான்.

ஏப்ரல் 28, வெள்ளி

ஜென்சிக்கு லீவு. மூலை வீட்டுக்காரர்களோடு தென்காசிக்கு அனுப்பியாச்சு. பத்து நாள்தான் என்று இவரிடம் பத்து தடவை சொன்னேன்.

இரவு புழுக்கம்.

மே 6, சனி

ஐந்து மணிக்குப் பிரசாரம் ஓய்ந்தது. காதுக்கு நிம்மதி. கடைசி வண்டி கல்குவாரிக்காரருடையது. "ரோஸ் கார்டன் நகர் வாழ் பெருமக்களே!" பெருமக்கள் பை தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். திங்கள் ஓட்டு லீவு. இவரும் தென்காசிக்குப் போகிறார், இட்லிப் பொட்டலத்தோடு. "ஒரு ஓட்டுல என்னத்த மாறப்போவுது?" அப்புறம் எதுக்கு ராத்திரி முழுக்க பஸ்ஸில் இடி வாங்கிக்கொண்டு போகணும்? கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டார்.

மே 8, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை. தெருவில் நாய் மட்டும். வெங்கடம்மாவோடு பள்ளிக்கூடம் போய் ஓட்டுப் போட்டேன். யாருக்கு என்று இதில்கூட எழுத மாட்டேன், யாருமே லாயக்கில்லை. "ஊரு காலி ஆயிபோச்சிக்கா, திருடன் வந்தா நாமதான் காபி போட்டு குடுக்கணும்" என்றாள். சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் இவர் போன். அங்கே வேட்பாளர் வீட்டுக்கே வந்தாராம், குறை இருந்தால் சொல்லச் சொன்னாராம். இவர் நம் தண்ணீரைச் சொல்லியிருக்கிறார். "அது ஓசூர் பிரச்சினைல்லா, அந்த ஊரு எம்.எல்.ஏகிட்டல்லா சொல்லணும்னுட்டாருட்டி."

இதைத்தானே ஒரு வருஷமாகக் கத்துகிறேன்! நல்லா வாங்கு வாங்கென்று வாங்கினேன். பிறகு மெதுவாக, "பிள்ள பேசணுங்கா" என்றார்.

"அம்மா, கை ஆறிட்டும்மா. இங்க சோப்பு போட்டாக்கூட எரியல. ஆச்சி ஸ்கூல் காமிச்சா. நான் இங்கயே படிக்கவா?"

சாப்பிட்டியா என்று கேட்டேன். வைத்துவிட்டு அழுதேன்.

டிவி மேல் இருந்த பாரத்தை எடுத்துத் தூசி தட்டினேன். அடுத்த தேர்தலுக்கு ஜென்சிக்குப் பன்னிரண்டு வயசு.